எங்கள் பக்கத்து ஒல்லாந்தர்

டென்மார்க்கில் எந்தத் தமிழ் விழாவுக்குப் போனாலும் மேடையேறும் டெனிஷ் விருந்தினர் தரங்கம்பாடியில்தான் பேச்சைத் தொடங்குவார். 1620இல் தஞ்சாவூர் இரகுநாத நாயக்கர் டென்மார்க் மன்னர் நான்காம் கிறிஸ்டியானின் ஆட்களுக்கு அங்கே இடம் கொடுத்தது, டான்ஸ்போர்க் கோட்டை, 1845இல் அதை ஆங்கிலேயருக்கு விற்றது எல்லாம் வரும். எங்கடை சனமும் கை தட்டும். அந்தக் கப்பல்கள் முதலில் வந்து நின்றது எங்கள் திருகோணமலைப் பக்கம், கண்டி அரசனோடு பேச்சுச் சரிவராமல்தான் தரங்கம்பாடியில் போய் நிலைத்தார்கள் என்பதைச் சொல்லுபவர்கள் குறைவு.

எனக்கு அந்தக் கதையில் பெரிய பிடிப்பு வந்ததில்லை. அது ராசாக்களும் கப்பல் தளபதிகளும் ஒருவருக்கொருவர் ஓலை கொடுத்த கதை. இந்த நாட்டுக்கு வந்து கோப்பை கழுவி, பிறகு கோக்கிக்குப் பக்கத்தில் நின்று மரக்கறி வெட்டி, இப்போது தானே அடுப்படியில் நிற்கிற என்னைப் போல ஒருவனுக்கு அதில் நிற்க இடமில்லை. நான் சொல்ல வந்தது வேறு கதை. கரட்டும் வெங்காயமும் விற்று ஒரு மொழியை 290 வருடம் காப்பாற்றிய ஆக்களின் கதை. அது என் வீட்டிலிருந்து சைக்கிளில் அரை மணித்தியாலத் தூரத்தில் இருக்கிறது.

நான் குடியிருப்பது கொப்பன்ஹேகனோடு ஒட்டிய அமாகர் தீவில். எழுதுவது அமாகர், வாயால் சொல்லுவது 'அமா'. டெனிஷ் மொழியில் பாதி எழுத்து தொண்டைக்குள்ளேயே போய்விடும் என்பது இங்கே இருப்பவர்களுக்குத் தெரியும். விமானத்தில் வந்து இறங்கியவர்கள் எல்லாரும் முதலில் கால் வைத்தது இந்தத் தீவில்தான். 1925இல் திறந்த கஸ்ட்ரப் விமான நிலையம் இங்கேதான் இருக்கிறது. அது வளர வளர மாக்லெபிலீல என்ற ஊரின் பெரும்பகுதியை விழுங்கிவிட்டது. பலாலிப் பக்கத்து ஆக்களுக்கு இதை விளக்கத் தேவையில்லை. நகரத்து மலக்கழிவை எல்லாம் கொண்டு வந்து கொட்டிய தீவு என்பதால் கொப்பன்ஹேகன்காரர் இதற்கு ஒரு நாறல் பட்டப்பெயரும் வைத்திருக்கிறார்கள். அதை நான் தமிழில் எழுதவில்லை, விளங்கிக் கொள்ளுங்கள்.

விமான நிலைய வேலிக்கு அந்தப் பக்கம், ட்றாகோர் துறைமுகத்துக்குப் போகும் வழியில், ஸ்ரோர மாக்லெபி என்று ஒரு கிராமம். அங்கே பழைய கமக்காரர் வீடு ஒன்றை உள்ளூர் மியூசியமாக வைத்திருக்கிறார்கள். அமாகர் மியூசியம் என்று பெயர். எத்தனையோ தரம் அந்த வழியால் போயிருக்கிறேன். றெஸ்ரோரண்ட் வேலைக்காரனுக்கு ஞாயிறு லீவு கிடைப்பது கோவில் தேர் மாதிரி, வருடத்தில் ஒரு நாள். ஒரு கோடைகாலத்தில் அப்படிக் கிடைத்த ஞாயிறு ஒன்றில் மனைவியையும் மகளையும் கூட்டிக்கொண்டு போனேன். மனைவி புட்டும் கத்தரிக்காய்ப் பொரியலும் கட்டி எடுத்து வந்தா. மகளுக்கு மியூசியம் என்றால் அலுப்பு, ஆனால் அங்கே கோழியும் குதிரையும் நிற்கும் என்று சொன்னதும் வந்தாள்.

பெரிய மாளிகை ஒன்றும் இல்லை. முற்றம், தாழ்வான கூரை, சுவருக்குள் அலுமாரி மாதிரி மூடி வைக்கும் கட்டில்கள், வண்ணம் பூசிய பெட்டகங்கள், வண்டில், மண்வெட்டி வகைகள். வெளியே மரக்கறிப் பாத்திகள். பழைய உடுப்புப் போட்ட வயதான பெண்மணிகள், எல்லாரும் சம்பளம் இல்லாமல் வந்து வேலை செய்பவர்கள், அடுப்பில் ஏதோ சுட்டுக்கொண்டிருந்தார்கள். குசினியைக் கண்டதும் நான் அங்கேயே நின்றுவிட்டேன், அது தொழில் வியாதி. மகள்தான் சுவரில் எழுதியிருந்ததை வாசித்துவிட்டு வந்து சொன்னாள்.

"அப்பா, இவை டெனிஷ்காரர் இல்லையாம். ஹொலண்டில இருந்து வந்த ஆக்களாம்."

ஒல்லாந்தர்! யாழ்ப்பாணத்தில் படித்தவனுக்கு ஒல்லாந்தர் என்றால் என்ன நினைவு வரும்? கோட்டை. 1658இல் போர்த்துக்கேயரைத் துரத்திவிட்டு வந்து 1795 வரைக்கும் எங்களை ஆண்டவர்கள். நான் யாழ் பல்கலைக்கழகத்தில் வரலாறு ஒரு பாடமாக எடுத்தவன். 2006 ஆகஸ்டில் ஏ9 பாதை பூட்டுப்பட்டு எல்லாம் குழம்பியபோது படிப்பு மூன்றாம் வருடத்தோடு நின்றது. அந்த வருடங்களில் படித்த ஒல்லாந்தர் எல்லாரும் தளபதிகளும் வரி அறவிட்டவர்களும்தான். கமம் செய்த ஒல்லாந்தரை நான் கண்டது இங்கேதான்.

விசயம் இதுதான். டென்மார்க்கை 1513இலிருந்து 1523 வரை ஆண்டவர் இரண்டாம் கிறிஸ்டியான். 1520இல் ஸ்ரொக்ஹோமில் பிரபுக்களை வரிசையாக வெட்டுவித்த அதே ஆள்தான். அவருடைய மனைவி எலிசபெத் ஒல்லாந்துப் பக்கத்தில் வளர்ந்த இளவரசி, ஐந்தாம் சார்ள்ஸ் சக்கரவர்த்தியின் தங்கை. இங்கே வந்து பார்த்தால் மேசையில் நல்ல மரக்கறி இல்லையாம், அதுதான் கமக்காரரைக் கூப்பிட்டார்கள் என்று ஒரு கதை. இல்லை, மன்னரின் ஆலோசகராக இருந்த சிக்பிரித் என்ற ஒல்லாந்துப் பெண்மணியின் யோசனை அது என்று இன்னொரு கதை. இந்த சிக்பிரித் மன்னரின் காதலி டைவெக்கவின் தாய். மகள் 1517இல் செத்த பிறகும் தாயைத்தான் மன்னர் நம்பினார், நாட்டின் சுங்க வரியையே அவவின் கையில் கொடுத்திருந்தார். பிரபுக்களுக்கு இது எப்படி இருந்திருக்கும் என்று நீங்களே யோசியுங்கள். எது எப்படியோ, 1521இல் மன்னர் கடிதம் எழுதிக் கொடுத்து ஒல்லாந்துக் கமக்காரரை அமாகருக்கு அழைத்துவந்தார். 24 குடும்பங்கள் என்பது வழிவழியாகச் சொல்லும் கணக்கு. நிலம், சலுகைகள், தங்களைத் தாங்களே ஆளும் உரிமை எல்லாம் கிடைத்தது. பதிலுக்கு அரண்மனைக்குக் கிழங்கு வகைகளும் வெங்காயமும் கொடுக்க வேண்டும்.

இதைக் கேட்டதும் மகள் கேட்டாள், "அப்ப இவையும் எங்களை மாதிரி அசூல் அடிச்சவையோ அப்பா?"

"இல்லைப் பிள்ளை, இவையை வாங்கோ எண்டு கூப்பிட்டவை. எங்களை ஒருத்தரும் கூப்பிடேல்லை."

இந்த வித்தியாசம் சின்ன விசயமில்லை. அந்த நிலம் சும்மா கிடந்த நிலமுமில்லை. ஸ்ரோர மாக்லெபியில் ஏற்கெனவே டெனிஷ் குடியானவர்கள் இருந்தார்கள். மன்னரின் எண்ணம் தீவையே ஒல்லாந்தருக்குக் கொடுப்பது. 1523இல் பிரபுக்கள் எழுந்து மன்னர் நாட்டை விட்டு ஓடியதால்தான் தோர்ன்பிப் பக்கத்து டெனிஷ் சனம் தப்பியது. ஒல்லாந்தருக்கு ஸ்ரோர மாக்லெபி நிரந்தரமானது. அரசாங்கம் ஒரு சனத்தை எழுப்பிவிட்டு இன்னொரு சனத்தைக் கொண்டுவந்து இருத்துவது என்றால் என்ன என்று எங்களுக்கு யாரும் படிப்பிக்கத் தேவையில்லை. 1949இல் தொடங்கிய கல்லோயாவிலிருந்து அந்தப் பட்டியல் எங்களிடம் இருக்கிறது. வந்தவர்கள் அப்பாவிக் கமக்காரராகவே இருந்திருக்கலாம், கல்லோயாவுக்கு வந்த சிங்களக் குடும்பங்களிலும் ஏழைகள்தான் கூட. ஆனால் எழும்பிப் போனவனின் பாத்திரம் பண்டம் எதுவும் மியூசியத்துக்கு வருவதில்லை. அங்கே நின்றபோது எனக்கு வந்த முதல் யோசனை அதுதான்.

ஆனாலும் கமக்காரன் பிள்ளைக்கு அந்தப் பாத்திகளைக் கண்டால் கோபம் நிற்காது. என் அப்பா உரும்பிராய்ச் செம்மண்ணில் வெங்காயம் வைத்தவர். 1970இலிருந்து 77 வரை, வெளிநாட்டு வெங்காயத்துக்கும் மிளகாய்க்கும் தடை இருந்த காலத்தில், யாழ்ப்பாணத்துக் கமக்காரன் தலை நிமிர்ந்து நின்றான். லொறி லொறியாகக் கொழும்புக்குப் போனது. 77க்குப் பிறகு கதவைத் திறந்துவிட்டார்கள், அதோடு அந்தக் காலம் சரி. அமாகர் ஒல்லாந்தரின் கதையும் இந்த வியாபாரம்தான். தலைநகரம் பக்கத்தில் இருக்கிறது, அதற்குச் சாப்பாடு வேண்டும். வீட்டுப் பெண்கள் கரட்டும் கோவாவும் வெங்காயமும் ஏற்றிக்கொண்டு போய் நகரத்தில் விற்றார்கள். இன்று கொப்பன்ஹேகனில் விலை கூடிய கடைகள் நிற்கும் அமாகர்தோ என்ற சதுக்கத்தின் பெயர் இந்த மரக்கறிச் சந்தையால் வந்தது, 'தோ' என்றால் சந்தை. அமாகர் தீவையே கொப்பன்ஹேகனின் சாப்பாட்டு அலுமாரி என்றுதான் சொல்வார்கள். ஒரு கறுப்புப் பாணும் ஒரு வெள்ளைப் பாணும் சேர்த்துச் செய்யும் சான்ட்விச்சுக்கு இன்றைக்கும் அமாகர்மாத் என்றுதான் பெயர். நான் வேலை செய்யும் கடை இருக்கும் ஃபிரெடெரிக்ஸ்பெர்க் நகரமும் இவர்களின் கைவேலைதான். 1651இல் மூன்றாம் ஃபிரெடெரிக் மன்னர் அமாகர் ஒல்லாந்தர் சிலரை அங்கே குடியேற்றினார், அந்த இடத்தின் முதல் பெயரே புது அமாகர். இதைப் படித்த பிறகு கடையில் கரட் தோல் சீவும்போது ஒரு சிரிப்பு வரும். வேலைக்கு வந்த புதுப் பெடியனுக்குச் சொன்னேன். "அண்ணை, கரட்டைச் சீவுங்கோ" என்றான்.

சட்ட விசயந்தான் என்னைக் கனநேரம் நிற்க வைத்தது. இந்தக் கிராமத்துக்கு டெனிஷ் சட்டம் இல்லை. தங்களுக்குள் ஒரு தலைவரையும் துணை நின்று தீர்ப்புச் சொல்லும் சிலரையும் வைத்துக்கொண்டு ஒல்லாந்து வழக்கப்படி வழக்குப் பேசினார்கள். சொத்துப் பிரிப்பதும் அப்படித்தான். எங்கள் ஊர் விதானையார் மாதிரி, ஆனால் அதிகாரம் கூட. இப்போது இதைப் பாருங்கள். 1707இல் யாழ்ப்பாணத்தில் கிளாஸ் ஐசாக்ஸ் என்ற ஒல்லாந்த அதிகாரி எங்கள் வழக்கங்களைக் கேட்டு எழுதித் தேசவழமைச் சட்டமாக்கிக் கொடுத்தார். அதே காலத்தில் அவருடைய இனத்து ஆக்கள் இந்தத் தீவில் அந்நிய ராசாவின் கீழே தங்கள் தேசவழமையைக் கட்டிக் காத்துக்கொண்டிருந்தார்கள். எங்கள் தேசவழமை சொத்து விசயத்தில் இன்றைக்கும் இலங்கையில் சட்டம். இவர்களுடையது 19ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தோடு போய்விட்டது.

1658ஐயும் சொல்ல வேண்டும். அந்த வருடம் ஜூனில் ஒல்லாந்தர் யாழ்ப்பாணக் கோட்டையைப் பிடித்தார்கள். அதே வருடம் சுவீடன் படை கொப்பன்ஹேகனைச் சுற்றி வளைத்து, அமாகர் ஊர்களைச் சூறையாடியது. ஒக்டோபரில் ஒல்லாந்துக் கப்பற்படை வந்து சுவீடன் கப்பல்களோடு மோதி நகரத்துக்கு உணவும் ஆட்களும் சேர்த்தது. யாழ்ப்பாணத்துக்கு எசமானாக வந்தவர்கள், இங்கே காப்பாற்ற வந்தவர்கள், எரிந்த வீட்டுக்குப் பக்கத்தில் நின்றவர்கள், மூன்றுபேரும் ஒரே இனம். பள்ளிக்கூடத்தில் ஒல்லாந்தர் காலம் என்று ஒரே கட்டுக்குள் கட்டிவிடுவோம்.

சரி, மொழிக்கு வருவம்.

1521இல் வந்தவர்களின் கோவிலில் டெனிஷ் மொழியில் பூசை நடக்கத் தொடங்கியது 1811இல். அதுவரைக்கும் ஒல்லாந்து மொழியும், அதற்குக் கிட்டிய உறவான வட ஜேர்மன் பேச்சும். பாதிரிமார் பலர் வட ஜேர்மன் பக்கத்திலிருந்து வந்தவர்கள், அதனால் கோவிலில் கேட்டது ஒன்று, பாட்டி பேசியது இன்னொன்று, சந்தையில் பேசியது டெனிஷ். கடைசியில் வீட்டில் மூன்றும் கலந்த ஒரு பேச்சு. இதை வாசிக்க எனக்குச் சிரிப்பும் வந்தது, வயிற்றைக் கலக்கியும் விட்டது. ஏனென்றால் என் மகள் தமிழில் 'ரொம்ப' என்கிறாள். எங்கள் வீட்டில் ஒருவரும் அப்படிச் சொல்வதில்லை, அது தமிழ்நாட்டு ரி.வி. நாடகம் தந்தது. சனிக்கிழமைத் தமிழ்ப் பள்ளிக்கூடத்தில் புத்தகத் தமிழ். அம்மாவோடு யாழ்ப்பாணத் தமிழ். கோபம் வந்தால் டெனிஷ். நான் மட்டும் அவளோடு டெனிஷ் பேசுவதில்லை. என் டெனிஷைக் கேட்டால் அவளுக்கு வெட்கம், அது வேறு கதை.

290 வருடம் என்பது எங்கள் கணக்கில் பத்துப் பன்னிரண்டு தலைமுறை. எப்படி முடிந்தது? எங்கள் கூட்டங்களில் சொல்வது போல மொழிப்பற்றாலா? பற்று இருந்திருக்கும், இல்லையென்று சொல்லவில்லை. ஆனால் ராசாவின் கடிதம் இருந்தது. அந்தக் கடிதத்தால் நிலம் இருந்தது, தங்கள் பாசையில் நடக்கும் கோவில் இருந்தது, பள்ளிக்கூடம் இருந்தது, வழக்குப் பேச மன்றம் இருந்தது. பெரும்பாலும் தங்களுக்குள்ளேயே கலியாணம் கட்டினார்கள். இத்தனை தூண் நின்றதால் கூரை நின்றது. 19ஆம் நூற்றாண்டில் தூணைக் கழற்றியதும் மொழியும் போனது. எங்களுக்கு என்ன தூண் இருக்கிறது? முன்பு இந்த நாட்டில் நகரசபைகள் வெளிநாட்டுப் பிள்ளைகளுக்கு அவரவர் தாய்மொழியை இலவசமாகப் படிப்பிக்க வேண்டும் என்று சட்டம் இருந்தது. 2002இல் ஐரோப்பிய ஒன்றியத்துக்கு வெளியிலிருந்து வந்தவர்களின் பிள்ளைகளுக்கு அந்தக் கடமையை எடுத்துவிட்டார்கள். நான் வந்தபோது அது பழங்கதை. இப்போது எங்கள் பள்ளிக்கூடங்களைப் பெற்றோரின் காசும் ஆசிரியர்மாரின் சனிக்கிழமைகளும் தாங்குகின்றன. இலங்கையிலிருந்து வந்தவர்களும் அவர்களின் பிள்ளைகளுமாக நாடு முழுக்க சுமார் 12,000 பேர், அதிலும் கனபேர் யூலண்டில், ஹேர்னிங், ஹொல்ஸ்டெப்ரோ என்று பரந்து இருக்கிறோம். ஒரு கிராமம் அளவு நெருக்கம் எங்குமில்லை. ஆகவே 'பிள்ளையள் தமிழ் கதைக்குதுகள் இல்லை, தாய் தகப்பன்தான் காரணம்' என்று மேடையில் திட்டுபவர்கள் ஒரு ஞாயிறு ஸ்ரோர மாக்லெபிக்குப் போய்ப் பார்த்துவிட்டுத் திட்டலாம்.

அரச கடிதம் பற்றிச் சொன்னதால் இதையும் எழுதுகிறேன், இளம் பிள்ளைகளுக்குத் தெரியாது. எங்களுக்கும் ஒரு கடிதக் கதை உண்டு, ஆனால் தலைகீழ். 1987இல் நீதி அமைச்சராக இருந்த எரிக் நின்-ஹான்சன், சட்டப்படி உரிமை இருந்தும், தமிழ் அகதிகளின் மனைவி பிள்ளைகள் வந்து சேரும் விண்ணப்பங்களைக் கிடப்பில் போட வைத்தார். விசாரணை அறிக்கை வந்து 1993 ஜனவரியில் பிரதமர் போல் ஸ்லூட்டரின் அரசாங்கமே பதவி விலகியது. 1995இல் அமைச்சர்களை விசாரிக்கும் தனி நீதிமன்றம் நின்-ஹான்சனுக்கு நாலு மாத ஒத்திவைத்த சிறைத்தண்டனை கொடுத்தது. டெனிஷ் அரசியலில் 'தமிழ் வழக்கு' என்றால் இன்றைக்கும் அதுதான். ஒரு மன்னரின் கடிதம் 24 குடும்பத்துக்கு ஊரைக் கொடுத்தது, ஒரு அமைச்சரின் மேசையில் எங்கள் ஆக்களின் குடும்பங்கள் தூங்கின. ஃபாரும் நகரத்தில் 2012இல் குடிவந்தவர்களுக்கென்றே ஒரு மியூசியம் திறந்தார்கள், அங்கேயும் ஒரு நாள் போக இருக்கிறேன்.

பெயர்களைப் பற்றி ஒரு சின்ன விசயம். அந்த ஊர்ப் பழைய பெயர்கள் யான், டியர்க், கொர்னேலிஸ் என்று திரும்பத் திரும்ப வரும். டியர்க்கின் மகன் யான் என்றால் யான் டியர்க்சன். தகப்பன் பெயர் பின்னால். டெனிஷ்காரரும் அப்படித்தான் இருந்தார்கள், 1828இல் அரசு சட்டம் போட்டு நிரந்தரக் குடும்பப் பெயர் வைக்கச் சொல்லும் வரைக்கும். எங்களுக்கும் அதேதான் நடந்தது. என் அப்பாவின் பெயர் என் மஞ்சள் சுகாதார அட்டையில் குடும்பப் பெயராகி, இப்போது மனைவிக்கும் மகளுக்கும் அதுவே பெயர். ஆஸ்பத்திரியில் மனைவியை மாமனார் பெயர் சொல்லிக் கூப்பிடுவார்கள். உரும்பிராயில் மாமனார் பெயரை வாயால் சொல்லாத மருமகள்மார் இருந்தார்கள்.

மகளுக்குப் பிடித்தது உடுப்பு அறை. துக்கத்துக்கு ஒரு விதம், கொண்டாட்டத்துக்கு ஒரு விதம் என்று அடுக்கடுக்காகப் பெண்களின் பாவாடைகள், மேற்சட்டைகள், தலைத்துணிகள். மனைவி ஊசி வேலையைக் கிட்டப் போய்ப் பார்த்துவிட்டு, "எங்கடை கூறைச்சீலையையும் இப்பிடித்தான் கண்ணாடிக்குள்ள வைப்பினம் போல" என்றா. நான், அதோடு இடியப்ப உரலையும் வைப்பார்கள், கீழே என்ன எழுதுவார்களோ தெரியாது என்றேன். இரண்டுபேரும் சிரித்தோம். மகள் சிரிக்கவில்லை. அவளுக்கு இடியப்பம் விருப்பம்.

எல்லாமே கண்ணாடிக்குள் போய்விட்டது என்றும் சொல்ல முடியாது. ஃபஸ்ரலாவ்ன் பண்டிகைக்கு டெனிஷ் பிள்ளைகள் வேசம் போட்டுத் தொங்கவிட்ட பீப்பாவைத் தடியால் அடிப்பார்களே, எங்கள் பிள்ளைகளும் பாலர் பாடசாலையில் அடித்திருப்பார்கள். இந்த ஊரில் அதைப் பெரியவர்கள் குதிரையில் பாய்ந்து வந்து அடிக்கிறார்கள். ஒல்லாந்தர் கொண்டுவந்த வழக்கம் என்கிறார்கள். குதிரைக்காரர் வீடு வீடாகப் போவார்களாம், வீட்டுக்காரர் வாசலில் நின்று குடிக்கக் கொடுப்பார்களாம். பாசை போய் 200 வருடமாகியும் குதிரை நிற்கவில்லை. பாணும் பணியாரமும் சுட்டுக்கொண்டிருந்த பெண்மணிதான் இதை மகளுக்குச் சொன்னா. எங்கே இருந்து வந்தீர்கள் என்று கேட்காமல், எங்கே இருக்கிறீர்கள் என்று கேட்டா. கஸ்ட்ரப் என்று மகள் சொன்னதும், அப்படியென்றால் நீயும் அமாகர்காரிதான் என்றா.

அந்தக் குதிரை ஓட்டம் நடப்பது ஃபஸ்ரலாவ்ன் திங்கட்கிழமையில். எங்கள் கடை பூட்டும் நாளும் திங்கள்தான். மகளுக்குப் பள்ளிக்கூடம் இருக்காவிட்டால் போகலாம் என்று சொல்லி வைத்திருக்கிறேன்.